சொன்ன அளவு, இருக்கிற அளவு

வேலைவாய்ப்பு அலுவலகத்தின் பின்பக்கம், கழிப்பறைக்கும் மின்சார மீட்டர்களுக்கும் நடுவே ஓர் அறை இருக்கிறது. கதவில் 'பணி ஆடை உதவிப் பிரிவு' என்று பலகை. உள்ளே பதினான்கு இரும்பு அலமாரிகள், ஒரு கவுன்டர், ஆளுயரக் கண்ணாடி ஒன்று, திரை போட்ட மூலை ஒன்று, ஒரே ஓர் ஆள். அந்த ஆளுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. சம்பளப் பட்டியலில் பிழையில்லாமல் அச்சடித்திருக்கிறார்கள். ஆனால் ஒன்பது வருஷமாக வாசல் காவலாளி முதல் மேலாளர் அம்மா வரை எல்லோருக்கும் அவர் அளவுக்காரர்தான். வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகையில் ஒருமுறை 'திரு. அளவுக்காரர்' என்றே எழுதியிருந்தது. அவரும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

அறையின் வேலை எளிமையானது. ஒருவர் ஒரு வருஷத்துக்கு மேல் வேலையில்லாமல் இருக்கிறார். கடைசியில் எப்படியோ வேலை கிடைக்கிறது. 'திங்கட்கிழமை வந்துவிடு, கறுப்பு ஷூ, நீலப் பேன்ட், வெள்ளைச் சட்டை' என்கிறார்கள். சம்பளம் மாதம் முடிந்தபின். ஷூ மட்டும் திங்கட்கிழமையே வேண்டும். ஒரு வருஷம் சும்மா இருந்தவர் வீட்டில் புது ஷூ எங்கிருந்து வரும் என்பதை வேலை கொடுப்பவர் யோசிப்பதில்லை. அது அவர் வேலையும் இல்லை. அதற்காகத்தான் இந்த அறை. வேலை உறுதிக் கடிதத்தைக் காட்டி, படிவத்தில் அளவுகளை எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஒரு பை கிடைக்கும். பையில் இரண்டு சட்டை, இரண்டு பேன்ட், ஒரு ஜோடி ஷூ. காலுறை விதிமுறையில் இல்லை. ஷூவின் உட்பாகம்தான் காலுறை என்று அளவுக்காரர் மூன்று வருஷம் எழுதிப் போராடி, வருஷத்துக்கு நூறு ஜோடி வாங்கிவிட்டார். அவர் வாழ்க்கையில் அடைந்த பெரிய வெற்றி அதுதான் என்று சொல்லலாம்.

சேர்ந்த முதல் மாதமே அவர் ஒன்றைக் கண்டுகொண்டார். ரொம்ப நாள் வேலையில்லாதவர்களிடம் அளவு கேட்டால் அவர்கள் இப்போதைய அளவைச் சொல்வதில்லை. கடைசி வேலையில் இருந்தபோது என்ன அளவோ அதைத்தான் சொல்கிறார்கள். பொய் சொல்வதாக அவர்களுக்கே தெரியாது. 'சட்டை நாற்பத்திரண்டு' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்பவர், முப்பத்தெட்டுச் சட்டைக்குள்ளேயே மூச்சு விட்டுக்கொண்டிருப்பார். கால் விஷயம் இதற்கு நேர் எதிர். வருஷக்கணக்கில் செருப்பும் வெறுங்காலுமாகத் திரிந்த பாதம் அகன்றுவிடும். ஆக, வேலையில்லாதவனுக்குச் சட்டை சின்னதாகிறது, ஷூ பெரிசாகிறது. இதை எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. அளவுக்காரர் பதினான்கு வருஷம் ஷூக் கடையில் ஊரார் கால் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தவர், பார்த்தால் தெரியும்.

டேப் எடுத்து அளந்தால் போயிற்று என்பீர்கள். அளந்து பார்த்தார். டேப்பைக் கண்டதும் வயிற்றை எக்கினார்கள், நெஞ்சை உப்பினார்கள். ஓர் அம்மாள் அழுதே விட்டார். அதோடு டேப்பை மேஜைக்குள் போட்டுப் பூட்டினார். அதற்குப் பிறகு, அவர்கள் சொன்னதைப் படிவத்தில் எழுதுவார், கண்ணில் பட்டதைப் பையில் போடுவார். காலரில் இருக்கும் அளவுத் துணியைக் கத்தரித்துவிடுவார். "கழுத்துல உறுத்தும்" என்பார். ஷூவின் அடியில் இருக்கும் நம்பர்மேல் அலுவலக ஸ்டிக்கரை ஒட்டிவிடுவார். வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்க்கிறவர், 'பரவாயில்லையே, நான் அப்படியேதான் இருக்கிறேன்' என்று நினைத்துக்கொள்வார். வருஷக் கடைசியில் சரக்கு எண்ணும்போது, காகிதத்தில் தீர்ந்துபோன நாற்பத்திரண்டுகள் அலமாரியில் குவிந்து கிடக்கும். மேலாளர் அம்மா தலையைப் பிடித்துக்கொள்வார். அளவுக்காரர், "அறை ஈரம்மா, துணி மாறிப்போகுது" என்பார். ஒன்பது வருஷமாக அதே பதில். அந்த அம்மாவுக்கும் கேட்டுப் பழகிவிட்டது.

இவ்வளவு பதமாக நடந்துகொள்ளும் மனுஷர், அந்தப் பதத்தை அலுவலகத்திலேயே வைத்துப் பூட்டிவிட்டு வருவார். பஸ் ஏறும்போதே பொறுமை தீர்ந்துவிடும். வீட்டில் அவருக்கு ஒரு மச்சான் இருந்தார்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். கல்யாணம் ஆகாதவர். பெரிய ஹோட்டல் ஒன்றில் விருந்து மண்டப மேற்பார்வையாளராக இருந்தவர். கோட்டும் டையுமாக நின்று, எட்டுப் பேரைக் கண்ணசைவிலேயே வேலை வாங்குவார். அளவுக்காரரின் கல்யாணத்துக்குக் கோட்டு எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். ஹோட்டல் கைமாறியது, புது முதலாளிக்கு மேற்பார்வையாளர்களில் நம்பிக்கை இல்லை. மச்சான் ஒரு பெட்டியோடு தங்கை வீட்டுக்கு வந்து ஐந்து வருஷம் ஆகிறது. முன்னறையில் ஜன்னலோர நாற்காலி அவருடையது. குழாய் ஒழுகினால் சரி செய்வார், பேப்பரை மடிப்புக் கலையாமல் அடுக்குவார், கேட்காமலேயே ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லாமல் இருப்பார். அதுவே அளவுக்காரருக்கு எரிச்சலாக இருந்தது. அவரும் ஷூக் கடை மூடியபின் மூன்று வருஷம் வேலையில்லாமல் இருந்தவர்தான். ஆறு மாதத் தற்காலிக வேலை என்று இந்த அறைக்குள் வந்து, பதினெட்டாவது ஆறு மாதத்தில் இருக்கிறார். 'நான் மூன்று வருஷத்தில் வெளியே வந்தேனே' என்ற கணக்கு ஒன்று அவர் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது.

போன வருஷம் மச்சானுக்குச் சரக்குக் கிடங்கு ஒன்றில் வேலை கிடைத்தது. காலையில் போனார், மத்தியானம் திரும்பி வந்துவிட்டார். "அந்த மேனேஜருக்கு மரியாதை தெரியல" என்றார். அன்று ராத்திரி சாப்பாட்டின்போது அளவுக்காரர் குழம்பைப் பார்த்துக்கொண்டே, "சிலருக்கு நாற்காலிய விட்டு எழுந்தாலே உடம்புக்கு ஆகாது" என்றார். மச்சான் தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தார். மறுநாளிலிருந்து, 'எனக்குப் பசிக்கல, நீங்க சாப்பிடுங்க' என்று எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் சாப்பிட ஆரம்பித்தார். அளவுக்காரர் சொன்னதைத் திரும்பப் பெறலாம் என்று நினைத்தார். ஒரு வாரம் நினைத்தார், பிறகு மறந்துவிட்டார்.

இப்போது மச்சானுக்கு இன்னொரு வேலை கிடைத்திருந்தது. ஆஸ்பத்திரியில் நோயாளிகளைச் சக்கரப் படுக்கையில் வைத்து ஒரு வார்டிலிருந்து இன்னொரு வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போகிற வேலை. மச்சான் அதை 'நோயாளர் நகர்வுப் பிரிவு' என்றுதான் சொன்னார். கடிதத்திலும் அப்படித்தான் இருந்தது. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ஆஜராக வேண்டும். முதல் ஏழு நாள் பரிசோதனைக் காலம். வெள்ளைச் சட்டை, கருநீலப் பேன்ட், ரப்பர் அடி வைத்த கறுப்பு ஷூ.

கடிதம் வந்த அன்றே மனைவி அளவுக்காரரிடம் சொன்னாள். "உங்க ஆபீஸ்லதான் வாங்கணும். ஆனா அண்ணன் உங்க எதிர்ல வந்து நிக்க மாட்டார்."

"நிக்க வேண்டாம். நானே எடுத்துட்டு வந்துடறேன். கையெழுத்து மட்டும் போடச் சொல்லு."

"அதுக்கு நேர்ல வந்து நிக்கறதே மேல்னு சொல்வார். நம்ம கல்யாணத்துக்கு உங்களுக்கே கோட்டு எடுத்துக் குடுத்தவர் அவர். இப்ப நீங்க அவருக்குச் சட்டை குடுப்பீங்களா?"

"அரசாங்கம் குடுக்குது."

"கை உங்களது" என்றாள் மனைவி.

வியாழக்கிழமை அளவுக்காரருக்குப் பல் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. பத்து நாளைக்கு முன்பே லீவு எழுதிக் கொடுத்திருந்தார். மனைவி அதை முன்னறையில், ஜன்னலைப் பார்த்து, தேவைக்கு மேல் உரக்கச் சொன்னாள். "வியாழக்கிழமை முழுக்க இவர் ஆபீஸ்ல இருக்க மாட்டார். வேற யாரோதான் இருப்பாங்க." நாற்காலியில் பேப்பர் ஒரு பக்கம் புரண்டது.

வெள்ளிக்கிழமை காலையில் வீங்கிய கன்னத்தோடு அளவுக்காரர் அறையைத் திறந்து பதிவேட்டைப் பார்த்தார். முந்தின நாள் அவர் இடத்தில் பதிவேட்டுப் பிரிவுக்காரர் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற எட்டு மாதம் பாக்கி. முப்பது வருஷமாக ஒரு புள்ளியைக்கூடத் தவற விட்டதில்லை. நேர்மையான மனுஷர். சொன்னதை எழுதுவார், எழுதியதைக் கொடுப்பார். நான்காவது வரியில் மச்சானின் கையெழுத்து, ஹோட்டல் பில்லில் போடுகிற மாதிரி நீளமாக வால் இழுத்து. சட்டை நாற்பத்திரண்டு. இடுப்பு முப்பத்தாறு. ஷூ ஏழு.

அளவுக்காரர் அலமாரிக்குப் போய் எண்ணிப் பார்த்தார். அதே நாற்பத்திரண்டு, அதே முப்பத்தாறு, அதே ஏழு. மூன்றும் போயிருந்தன. மச்சானுக்கு இப்போது சட்டை முப்பத்தெட்டு, இடுப்பு முப்பத்திரண்டு, ஷூ எட்டு; அதுவும் தாராளமான எட்டு. கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். எட்டாம் நம்பர் பெட்டி ஒன்றைக் கையில் எடுத்தார், திருப்பி வைத்தார்.

சரியான அளவுகளை ஒரு பையில் போட்டு எடுத்துப் போவது ஒரு நிமிஷ வேலை. ஆனால் பழையதைத் திருப்பி வாங்காமல், வாங்கியவர் கையெழுத்தும் இல்லாமல் ஒரு ஷூ வாசலைத் தாண்டினால் அதற்குத் திருட்டு என்று பெயர். காகிதத்தில் ஒன்று எழுதி வேறொன்றைக் கொடுப்பது அவர் மனசாட்சிப்படி சரி. யாருக்கும் தெரியாமல் தூக்கிக்கொண்டு போவது அவர் மனசாட்சிப்படி தப்பு. ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு இருக்கிறது. அவருடையது அந்த வாசலில் இருந்தது.

வீட்டுக்கு வந்து சமையலறையில் மெதுவாகச் சொன்னார். "உங்க அண்ணன் அளவெல்லாம் தப்பாச் சொல்லியிருக்கார்."

"தெரியும். போட்டுப் பாத்துட்டு அப்படியே மடிச்சு வெச்சுட்டார். பேன்ட்ல இன்னொரு ஆள் நுழையலாம்."

"ஷூ?"

"கால்ல போட்டார். கஷ்டப்பட்டுத்தான் போச்சு. 'சரியா இருக்கு'ன்னார்."

"சரியா இருக்காது. அதைப் போட்டுட்டு எட்டு மணி நேரம் கட்டில் தள்ள முடியாது. நான் பேசறேன். நாளைக்கே ஆபீஸ் வாட்ச்மேன்கிட்டச் சொல்லி..."

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "நீங்க ஒரு வார்த்த பேசினா அவர் திங்கக்கிழம போக மாட்டார். பேசாம இருந்தா மத்தியானம் திரும்பி வந்துடுவார். போன வருஷம் மாதிரி."

"போன வருஷம் மேனேஜர்..."

"மேனேஜரா?" என்றாள். "அன்னைக்கு அவர் போட்டுட்டுப் போன காலுறைய நான்தானே துவைச்சேன். ரெண்டு குதிகால்லயும் ரத்தம். நடைபாதையில வாங்கின பழைய ஷூ. அதுவும் ஏழுதான். கடைசி வரைக்கும் ஏழுதான்னு சொல்லிட்டிருந்தார். 'மாப்பிள்ளைகிட்டச் சொல்லாத'ன்னார்."

"நீ சொல்லியிருக்கலாமே."

"எப்பச் சொல்றது? அன்னைக்கு ராத்திரியே நீங்க நாற்காலியப் பத்திப் பேசிட்டீங்களே. அதுக்கு மேல சொல்லி என்ன ஆகப்போகுது?"

அளவுக்காரர் தண்ணீர் குடித்தார். இன்னொரு டம்ளர் குடித்தார். ஊரில் யார் யார் கால் என்ன அளவு என்று சொல்லக்கூடியவர், தன் வீட்டு முன்னறையில் ரத்தம் கசிந்த காலைப் பார்க்கவில்லை. பார்த்தது நாற்காலியை மட்டும். வெட்கம் என்றால் வெட்கம். அதற்கு வேறு வார்த்தை தேட வேண்டியதில்லை.

சனிக்கிழமை மனைவி, 'இஸ்திரி போட்டுத் தரேண்ணே' என்று துணிகளை வாங்கிக்கொண்டாள். கதவைச் சாத்திக்கொண்டு தையல் மெஷினில் உட்கார்ந்தாள். சட்டையின் இரண்டு பக்கத்தையும் உள்ளே பிடித்தாள். பேன்ட் இடுப்பில் நாலு அங்குலத்தை விழுங்கினாள். இஸ்திரிப் பெட்டிக்குத் தையல் மெஷின் சத்தம் எப்படி வந்தது என்று மச்சான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போட்டுப் பார்த்துவிட்டு, "இஸ்திரி போட்டா துணிக்கே ஒரு தனி அழகுதான்" என்றார்.

ஷூவுக்கு ஊசி நூல் உதவாது. புதிதாக வாங்கலாம் என்றால் மாதக் கடைசி. பல் டாக்டர் வேறு இருந்த இருப்பைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஞாயிறு சாயங்காலம் அளவுக்காரர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அலுவலகத்துக்குச் சரக்கு போடுகிறவரிடம் ஊழியர்களும் வாங்கிக்கொள்ளலாம் என்றபோது வாங்கியது. அதே கறுப்பு, அதே ரப்பர் அடி, அதே தையல். அளவு எட்டு. ஒரு வருஷம் உழைத்து இளகிய தோல். அடியில் இருந்த நம்பர் நடந்து நடந்து தேய்ந்துபோயிருந்தது, அதுவும் நல்லதற்குத்தான்.

திங்கட்கிழமை விடிகாலையில் அவர் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து பாலிஷ் போட்டார். கடைக்காரப் புத்தி சும்மா இருக்குமா? முதலில் ஈரத்துணி, பிறகு மெழுகு, பிறகு பிரஷ், கடைசியில் பழைய பனியன். ஒரு வருஷப் பழைய ஷூ ஒரு வாரத்துப் புதுசாயிற்று. புது நாடா மாற்றினார். மச்சானின் ஏழாம் நம்பரை எடுத்துத் தன் இடத்தில் வைத்து, தன்னுடையதை மச்சானின் இடத்தில் வைத்துவிட்டு, முன்னறையில் நேற்றைய பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஐந்தேகாலுக்கு மச்சான் வந்தார். வெள்ளைச் சட்டை, கருநீலப் பேன்ட். ஸ்டூலில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, வலது காலை உள்ளே அழுத்தினார். அழுத்தத் தேவையே இருக்கவில்லை. கால் தானாகப் போய்விட்டது. மச்சான் கட்டைவிரலை உள்ளே அசைத்துப் பார்த்தார். இடது காலையும் போட்டார். எழுந்தார். இரண்டடி நடந்தார். பேப்பரைப் பார்த்தார். பேப்பருக்குப் பின்னால் அளவுக்காரர் நேற்றைய வானிலை அறிக்கையை மூன்றாம் தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஷூ கொஞ்சம் விட்டுக் குடுத்திருக்கு மாப்பிள்ளை" என்றார் மச்சான்.

"ரப்பர் அடி வெச்சது அப்படித்தான் மச்சான். ரெண்டு நாள் சும்மா வெச்சிருந்தா விரிஞ்சுடும்."

பதினான்கு வருஷம் ஷூ விற்றவர் வாயிலிருந்து அதைவிடப் பச்சைப் பொய் வந்ததில்லை.

"ஓஹோ" என்றார் மச்சான். குனிந்து நாடாவை இறுக்கிக் கட்டினார். நிமிரக் கொஞ்ச நேரம் பிடித்தது. "வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எட்டரைக்கு அளவுக்காரர் ஏழாம் நம்பருக்குள் தன் எட்டாம் நம்பர் பாதங்களைத் திணித்துக்கொண்டு அலுவலகம் கிளம்பினார். கவுன்டர் ஊழியர்கள் மூடிய ஷூ போட்டுத்தான் ஆக வேண்டும், அது விதி. பஸ் நிறுத்தம் வரை ஒன்றும் தெரியவில்லை. பஸ்ஸில் கட்டைவிரல் பேச ஆரம்பித்தது. பத்து மணிக்குக் குதிகாலும் சேர்ந்துகொண்டது. அன்றைக்கென்று பார்த்துக் கூட்டம். பதினொன்றரைக்கு, ஒரு லாரி டிரைவருக்கு மேல் தட்டிலிருந்து பேன்ட் எடுக்க ஏணியில் ஏறியவர் கண்ணில் தண்ணீர் வந்து, டிரைவர் பயந்துபோய், "வேண்டாம் சார், எனக்குக் கீழ்த் தட்டுல இருக்கறதே போதும்" என்றார்.

மத்தியானம் அலமாரிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்திருந்தது. போன வருஷம் இந்த நேரத்தில்தான் மச்சான் கிடங்கை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். மூட்டை வேறு தூக்கியிருப்பார். அளவுக்காரர் இன்று தூக்கியதெல்லாம் சட்டைகள். அதற்கே இந்தக் கதி. மத்தியானம் வரை அந்த மனுஷர் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம் என்று அவருக்குத் தோன்றியது. அதை வாய்விட்டும் சொன்னார். அலமாரிகள் கேட்டுக்கொண்டன.

மேலாளர் அம்மா எட்டிப் பார்த்தார். "என்ன அளவுக்காரரே, காலுறையோட உக்காந்திருக்கீங்க?"

"சரக்கு எண்ணிட்டிருக்கேம்மா."

"ஷூவக் கழட்டிட்டா?"

"கீழ்த் தட்டும்மா" என்றார். அந்த அம்மா போய்விட்டார்.

சாயங்காலம் துப்புரவு அம்மாளின் ரப்பர் செருப்பைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தபோது ஐந்தே முக்கால். ஆஸ்பத்திரி வேலை இரண்டு மணிக்கே முடிந்துவிடும். மச்சான் இரண்டரைக்கு வந்திருக்க வேண்டும். நாற்காலி காலியாக இருந்தது. மனைவி ஜன்னலோரம் நின்றாள்.

"மத்தியானம் வரல" என்றாள். "அது நல்லதுதானே?"

"நல்லதுதான்."

"இன்னும் வரலையே."

"அதுதான்" என்றார் அளவுக்காரர். வேலையை விட்டுவிட்டு, வீட்டுக்கு வர முகமில்லாமல் எங்காவது பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருப்பாரோ என்று இரண்டு பேருக்கும் தோன்றியது.

ஆறரைக்கு மச்சான் வந்தார். சட்டையில் ஒரு மருந்துக் கறை. ஷூவைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து, சுவரோரம் நேராக வைத்தார்.

"ஒரு ஆள் வரல. கூட நாலு மணி நேரம் இருக்கச் சொன்னாங்க" என்றார்.

"எப்படிண்ணே இருந்தது?"

"ஆஸ்பத்திரி பெரிசு" என்றார் மச்சான். கொஞ்சம் யோசித்து, "சக்கரத்துக்கு எண்ணெய் போடறதே இல்ல போலிருக்கு. நாளைக்குப் பேசணும்" என்றார்.

அடுத்த ஆறு நாளும் அப்படியே போயின. மச்சான் எட்டாம் நம்பரில் போய் எட்டாம் நம்பரில் வந்தார். அளவுக்காரர் ஏழாம் நம்பரின் பின்பக்கத்தை மடக்கி மிதித்து, கவுன்டருக்குப் பின்னால் செருப்பு மாதிரி இழுத்துக்கொண்டு நடந்தார். யாராவது எட்டிப் பார்த்தால் நேராக நிற்பார். வீட்டில் ஷூவைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. பாலிஷ் டப்பா மட்டும் சீக்கிரம் தீர்ந்தது.

இரண்டாவது செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்கு அளவுக்காரர், "அடுத்தது" என்று கூப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார். கவுன்டருக்கு அந்தப் பக்கம் மச்சான் நின்றார். வெள்ளைச் சட்டையில் ஆஸ்பத்திரி அடையாள அட்டை குத்தியிருந்தது. எட்டுப் பேருக்குப் பின்னால் வரிசையில் நின்று வந்திருக்கிறார். ஒரு கையில் படிவம்.

"வணக்கம்" என்றார் மச்சான், முன்பின் தெரியாதவரிடம் சொல்வது போல. "ஒரு ஜோடி ஷூ மாத்திக்கணும். பரிசோதனைக் காலம் முடிஞ்சுது. அதுக்கு முன்னாடி மாத்தறது முறையில்லன்னு வரல."

அளவுக்காரர் படிவத்தை வாங்கினார். அது பொருளைத் திருப்பித் தருவதற்கான படிவம். அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. ஒன்பது வருஷத்தில் அதில் 'தையல் விட்டது', 'நிறம் போயிற்று', 'நாய் கடித்தது' என்று எழுதிப் பார்த்திருக்கிறார். மச்சான் தன் நீள வால் எழுத்தில், கட்டத்துக்கு வெளியே போகாமல் எழுதியிருந்தார்:

'அளவு ஏழு என்று சொன்னது என் தவறு. கொடுத்தவர் தவறு இல்லை. என் கால் எட்டு. ஒரு வாரமாக வேறொருவர் என் ஏழில் நடந்திருக்கிறார்.'

அளவுக்காரர் படித்தார். எட்டாம் நம்பர் பெட்டி அவர் கையெட்டும் தூரத்தில், இடுப்பு உயரத்திலேயே இருந்தது. ஆனாலும் அதைத் தேடிப் பதினான்காவது அலமாரி வரை போனார். அங்கே கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து நின்றார். வரிசையில் யாரோ இருமினார்கள். மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, பெட்டியை எடுத்துக் கவுன்டரில் வைத்தார். அடியில் ஸ்டிக்கர் ஒட்டவில்லை.

மச்சான் ஸ்டூலில் உட்கார்ந்து புது ஷூவைப் போட்டுக்கொண்டார். கழற்றிய ஜோடியைக் கைக்குட்டையால் துடைத்து, கவுன்டரின் மேல் வைத்து, அந்தப் பக்கமாக நகர்த்தினார். அளவுக்காரர் குனிந்து, பின்பக்கம் மடங்கிப்போன ஏழாம் நம்பரைக் காலிலிருந்து உருவி, 'திரும்ப வந்தவை' பெட்டியில் போட்டார். வரிசையில் இருந்த ஒன்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பெரிய மனுஷர்கள் கவுன்டரின் இரண்டு பக்கமும் ஷூ மாற்றிக்கொள்வதில் கேள்வி கேட்க அவர்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை. அலுவலக நடைமுறை என்று நினைத்துக்கொண்டார்கள்.

"மச்சான்" என்றார் அளவுக்காரர். "போன வருஷம் சாப்பிடறப்ப நான் ஒண்ணு சொன்னேன். அந்த நாற்காலி..."

மச்சான் நாடாவை முடிந்துவிட்டு எழுந்தார். கவுன்டரில் கிடந்த பேனாவை எடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டி, அளவுக்காரர் கையில் வைத்தார்.

"வரிசை நிக்குது, மாப்பிள்ளை" என்றார்.

அளவுக்காரர் கையெழுத்துப் போட்டார். அடுத்தவரைக் கூப்பிட்டார். இரண்டாம் தடவை கூப்பிட வேண்டியிருந்தது.